மலையேறும் பைக்கில் ஜிபிஎஸ்: எங்கே மாட்டுவது, கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி வைத்திருக்கிறார். பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி போகத் திட்டம். பைக்குக்கென்றே விற்கிற ஜிபிஎஸ் கருவியை வாங்குவதா, கையில் இருக்கும் போனையே மாட்டிக்கொள்வதா என்பது முதல் குழப்பம். பக்கத்துக் கடைக்காரர் ஹாரன் வயரிலிருந்து கரண்ட் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கூட வரப்போகும் நண்பர் பேட்டரியிலேயே நேரடியாகக் கொடுத்துவிடு என்கிறார். எது சரி, எங்கே மாட்டினால் பாதுகாப்பு என்று கேட்கிறார்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி பியூஸ் போட்டு, சாவியை அணைத்ததும் இதுவும் அணைந்துவிடும்படி ஒரு ரிலே (தானாகத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாக வர வேண்டும். கருவி ஹேண்டில் பாரின் நடுவில், ஸ்பீடோமீட்டரை மறைக்காத உயரத்தில் இருக்கட்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பொள்ளாச்சியில் வண்டி வயரிங் வேலை பார்ப்பவன். வால்பாறை ஏறுகிற வண்டிகளும் இறங்கி வருகிற வண்டிகளும் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போகும். வழக்கமாக எல்லாரும் கேட்பது, "போனுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றுதான். போன் போனால் பணம் போகும், அவ்வளவுதான். ஆளையும் வண்டியையும் ஆபத்தில் விடுபவை இரண்டு. ஒன்று, ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் வண்டியின் கழுத்தில் நசுங்குகிற ஒரு சாண் வயர். இன்னொன்று, ரோட்டை விட்டுவிட்டுத் திரையில் நிற்கிற கண்.

அந்த ஒரு சாண் வயர் என்ன செய்யும் என்பதை ஒரு ஜூன் மாத மழையில் பார்த்தேன். ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்ததுமே நின்றுபோன வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சீட்டைக் கழற்றியதும் தீய்ந்த பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலில் ஒரு மெல்லிய சிவப்பு வயர். ஸ்பீக்கருக்குப் போடுகிற வகை. பியூஸ் இல்லை. டேங்குக்கு அடியில் ஓடி, கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஹேண்டிலில் இருந்த யூஎஸ்பி சார்ஜருக்குப் போயிருந்தது. டேங்கைத் தூக்கிப் பார்த்தால், பிரேமின் கழுத்தருகே ஒரு தகட்டு விளிம்பு. வலது பக்கம் முழுசாக ஒடிக்கும்போதெல்லாம் அந்த வயர் விளிம்புக்கும் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. மேல்தோல் தேய்ந்து, ஒரு நெல்மணி அளவுக்குச் செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. அந்த நெல்மணி பிரேமைத் தொட்ட நொடியில் பேட்டரியின் மொத்த பலமும் அந்த வயர் வழியாகப் பாய்ந்திருக்கிறது.

வயர் முழு நீளமும் உருகி, பக்கத்தில் ஓடிய கம்பெனி ஹார்னஸோடு (வண்டியோடு வருகிற வயர்க் கட்டு) ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் நாலு வயர் சேர்ந்து வெந்துவிட்டன. இதெல்லாம் பெட்ரோல் டேங்குக்கு இரண்டு விரல் கீழே. ஓட்டியவருக்குப் புகை வாடை வந்ததும் நிறுத்திவிட்டார், நல்லவேளை. டெர்மினலைக் கழற்ற ஸ்பேனர் இல்லை. கையுறையோடு வயரைப் பிடித்து அறுத்து இழுத்திருக்கிறார். கையுறையில் அந்தக் கோடு அப்படியே பதிந்திருந்தது.

சரி, அங்கே பியூஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டென்று அறுந்திருக்கும். போன் சார்ஜ் ஆகாமல் போயிருக்கும். அவரும் வால்பாறை போய்ச் சேர்ந்திருப்பார்.

பியூஸ் போனைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை. பேட்டரி என்பது ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுவதற்காக நூறு ஆம்பியர் அளவுக்குக்கூட ஒரே மூச்சில் தள்ளக்கூடியது. போன் சார்ஜருக்குப் போகிற மெல்லிய வயரால் அதைத் தாங்க முடியாது. அதனால் பியூஸ் பேட்டரி பக்கத்தில் இருந்தால்தான் அர்த்தம் உண்டு. பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து அரை அடிக்குள் இருக்கட்டும். சார்ஜருக்குப் பக்கத்தில், ஹேண்டிலில் பியூஸ் வைத்துவிட்டு "பியூஸ் போட்டாச்சு" என்று சொல்வதில் பயனில்லை. பேட்டரிக்கும் அந்த பியூஸுக்கும் இடையில் எங்கே வயர் தேய்ந்தாலும் அதே கதைதான்.

எத்தனை ஆம்பியர் என்றால், கணக்கு எளிது. இரண்டு போர்ட் உள்ள யூஎஸ்பி சார்ஜர் முழு வேகத்தில் வேலை செய்தால் 24 வாட் கொடுக்கும். உள்ளே கொஞ்சம் சூடாக வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் இரண்டரை ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பியூஸ் போதும். இளம்பழுப்பு நிறத்தில் வருகிற பிளேடு பியூஸ் அது. ஒரே ஒரு போன்தான் என்றால் ஊதா நிற 3 ஆம்பியரே போதும். வயர் முக்கால் சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், ஆட்டோமொபைல் தரத்தில் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று 15 ஆம்பியர் போட்டுவிடாதீர்கள். பியூஸ் போகிறது என்றால் எங்கோ வயர் உரசுகிறது என்று வண்டி உங்களிடம் சொல்கிறது.

வண்டியின் மின் உற்பத்தி இதைத் தாங்குமா என்றும் சிலர் பயப்படுகிறார்கள். பழைய ஹாலஜன் ஹெட்லைட் ஒன்று 55, 60 வாட் எடுக்கும். ஒரு போன் சார்ஜ் ஆவதற்கு 10 முதல் 18 வாட். அந்தக் கவலை வேண்டாம்.

இப்போது ஹாரன் வயர். கடைக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஹாரன் ஹேண்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, டேங்கைத் தூக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சாவி போட்டால்தான் கரண்ட் வரும் என்பதால் பேட்டரியும் இறங்காது. வெறும் 10 வாட் சார்ஜரை அதில் கொடுத்துப் பல வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு அதில் பிடிக்காதது ஒரே ஒரு விஷயம். நிறைய வண்டிகளில் ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஒரே பியூஸில் இருக்கும். உங்கள் யூஎஸ்பி வயர் மழையில் ஷார்ட் ஆனால் அந்த பியூஸ் போகும். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பனியும் தூறலுமாக இறங்கும்போது பின்னால் பஸ் வருகிறது, உங்கள் பிரேக் லைட் எரியவில்லை, வளைவில் ஹாரனும் அடிக்கவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் பிரேக் லைட்டை ஓட்டுபவர் பார்ப்பதில்லை. போன் சார்ஜ் ஆகவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஹாரனிலிருந்துதான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், சார்ஜருக்கென்று தனியாக 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் ஒன்றை அந்த இணைப்பிலேயே போடச் சொல்லுங்கள். சின்ன பியூஸ் முதலில் போகும், பெரியது தப்பிக்கும். அப்புறம், ஹாரனில் இரண்டு வயர் இருக்கும். சில வண்டிகளில் சாவி போட்டதுமே ஒன்றில் 12 வோல்ட் வந்து நிற்கும், பட்டனை அழுத்தினால் எர்த் கிடைத்து ஹாரன் அடிக்கும். வேறு சில வண்டிகளில் பட்டனை அழுத்தும்போதுதான் கரண்டே வரும். இரண்டாவது வகையில் அங்கிருந்து எடுத்து ஒன்றும் ஆகாது. மல்டிமீட்டர் (வோல்ட், கரண்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் வயர் நிறத்தை மட்டும் நம்பி வெட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஹெட்லைட் வயரிலிருந்து எடுக்கலாமே என்றும் ஒரு யோசனை சொல்வார்கள். பழைய 100, 125 சிசி வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அவற்றில் பலவற்றில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில் எரிவதில்லை, இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து (கம்பிச் சுருள்) நேராக வருகிற, திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசி மின்சாரத்தில் எரிகின்றன. ஆக்சிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் ஏறும், விட்டால் மங்கும். அதுதான் அடையாளம். அந்த வயரில் யூஎஸ்பி சார்ஜரைக் கொடுத்தால் சார்ஜர் போய்விடும், அதன் வழியாகப் போனுக்கும் அடி விழலாம். மல்டிமீட்டரை டிசியில் (பேட்டரி தருகிற, திசை மாறாத மின்சாரம்) வைத்து, இன்ஜின் ஓடும்போது பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிலையாக நின்றால் நல்ல வயர்.

இனி நான் செய்கிற முறை. ரிலே என்பது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். அடியில் நாலு கால், ஒவ்வொன்றிலும் எண் அச்சிட்டிருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக வயர். 87 என்ற காலிலிருந்து சார்ஜருக்கோ ஜிபிஎஸ்ஸுக்கோ வயர். 85 என்ற கால் நெகட்டிவுக்கு. 86 என்ற காலுக்குச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வருகிற ஏதாவது ஒரு டிசி வயரிலிருந்து ஒரு சின்ன இழை. அந்த இழையில் கால் ஆம்பியர்கூட ஓடாது, ரிலேயின் உள்ளே இருக்கும் சுருளை உசுப்புவதோடு சரி. அந்த இழைக்கும் 1 அல்லது 2 ஆம்பியரில் ஒரு பியூஸ் போட்டுவிடுங்கள். அது எங்காவது நசுங்கினால் தாய்ச் சர்க்யூட்டின் பியூஸைச் சாகடிக்கக் கூடாது. ரிலேயைச் சீட்டுக்கு அடியிலேயே, கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது. பிறகு எத்தனை தொல்லை வந்தாலும் அது உங்கள் ஜிபிஎஸ்ஸோடு முடிந்துவிடும், வண்டிக்குப் போகாது.

நண்பர் சொல்கிற மாதிரி ரிலே இல்லாமல் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் என்ன? பியூஸ் இருந்தால் நெருப்புப் பயம் இல்லை. ஆனால் சார்ஜர் எப்போதும் விழித்தே இருக்கும். வோல்ட் காட்டுகிற விளக்கு வைத்த சார்ஜர்கள், போன் மாட்டாவிட்டாலும் 15, 20 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். 20 என்றே வைத்தால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-ஹவர். 350 சிசி வண்டிகளில் 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி சாதாரணம். பத்து நாள் வண்டியை எடுக்காமல் வைத்திருந்தால் பாதிக்கு மேல் காலி. பதினோராம் நாள் காலை பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். கிக்கர் இல்லாத வண்டி என்றால் தள்ளத்தான் வேண்டும். பேட்டரியை அப்படி அடிவரை காலி செய்வது அதன் ஆயுளையும் குறைக்கும்.

இணைப்புகளைப் பற்றி. வயரைச் சுரண்டி, இன்னொரு வயரில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவதுதான் நம் ஊரில் வழக்கம். இன்ஜின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி ஒரு கோடையிலேயே உரிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதி என்பார்கள். வீட்டு ரேடியோவுக்கு அது சரி. அதிர்கிற வண்டியில் ஈயம் ஏறிக் கெட்டியான இடமும் வளைகிற வயரும் சேரும் எல்லையில் இழை இழையாக அறுந்துபோகும். லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து, அதற்குரிய பிளையரால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். கம்பெனி ஹார்னஸை எங்கும் வெட்ட வேண்டாம். வாரண்டி இருக்கிற வண்டியில் அது தேவையில்லாத வாக்குவாதத்தைக் கொண்டுவரும். ஆக்சசரிக்கென்றே கம்பெனி ஒரு கப்ளரை (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்) காலியாக விட்டிருக்கிற வண்டிகள் உண்டு. 2020 நவம்பரில் மீட்டியோர் 350 வந்ததிலிருந்து ராயல் என்ஃபீல்ட் சில மாடல்களில் ட்ரிப்பர் என்று சின்ன வழிகாட்டித் திரையையே பொருத்தித் தருகிறது, 2021-க்குப் பிறகு வந்த கிளாசிக்கில் யூஎஸ்பி போர்ட்டும் உண்டு. உங்கள் வண்டியில் இவை ஏற்கெனவே இருந்தால், ஒரு போனுக்கு அந்தப் போர்ட்டையே பயன்படுத்துங்கள். புதிதாக வயர் இழுக்கவே வேண்டாம்.

பேட்டரியில் கை வைக்கும் முன் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக. பாசிட்டிவை முறுக்கும்போது ஸ்பேனர் தவறிப் பிரேமில் பட்டால், நெகட்டிவ் கழன்றிருக்கும்போது ஒன்றும் ஆகாது. மாட்டியிருக்கும்போது பட்டால் தீப்பொறி தெறிக்கும்.

வயர் போகிற பாதைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். சீட்டுக்கு அடியிலிருந்து கம்பெனி ஹார்னஸ் போகிற பக்கமே, அதோடு சேர்த்து முன்னால் கொண்டுபோங்கள். வண்டியை வடிவமைத்தவர்கள் நசுங்காத, சூடு படாத பாதையை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வயர் முழுவதும் ஒரு ஸ்லீவுக்குள் இருக்கட்டும். சிலிண்டர் ஹெட்டுக்கும் சைலன்சருக்கும் பக்கத்தில் போகவே கூடாது. கழுத்துக்கு வரும்போது ஹேண்டிலை இடது கடைசி வரை ஒடியுங்கள், வலது கடைசி வரை ஒடியுங்கள். இரண்டு பக்கமும் வயர் இழுபடவும் கூடாது, மடிந்து எதற்கும் நடுவில் போகவும் கூடாது. அப்புறம்தான் வயரைக் கட்டும் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்க வேண்டும். டையைப் பிரேக் ஹோஸிலோ கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிளிலோ போட வேண்டாம். ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டால், ஹேண்டிலை ஒடிக்கும்போது இன்ஜின் தானாக ரெய்ஸ் ஆகும். கொண்டை ஊசி வளைவில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மாறக் கூடாது.

ஜிபிஎஸ் கருவியா, போனா என்ற கேள்விக்கு வருகிறேன். கார்மின் ஜூமோ மாதிரி பைக்குக்கென்று செய்த கருவி மழைக்கும் அதிர்வுக்கும் வெயிலுக்கும் தயாராக வரும். கையுறையோடு தொடலாம். அதை உட்கார வைக்கும் தொட்டிலோடு வருகிற பவர் கேபிளை வண்டியின் 12 வோல்ட்டில் கொடுக்கலாம். அந்தக் கேபிளில் பியூஸ் இருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு வயரைச் சேர்க்காதீர்கள். ஆனால் கார் ஜிபிஎஸ்ஸும் போனும் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. அவற்றுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் ஒரே நொடியில் முடிந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை மலைக்குப் போகிறவருக்குக் கருவி லாபம். வருடத்துக்கு ஒரு முறை போகிறவருக்கு என் யோசனை வேறு: வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் சிம் இல்லாமலே அது வழி காட்டும். மளுக்கப்பாறை தாண்டி வாழச்சால் காட்டுக்குள் இறங்கும்போது உங்கள் புதுப் போனிலும் சிக்னல் இருக்கப் போவதில்லை. அப்புறம் எதற்கு அதை ஹேண்டிலில் வைத்து உதற விட வேண்டும்?

உதறல் என்றேன். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதிக சக்தியுள்ள பைக் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில் வழியாகத் தொடர்ந்து ஏறினால் ஐபோனின் கேமரா கெட்டுப்போகலாம் என்று. படம் ஆடாமலிருக்க லென்ஸைச் சின்னக் காந்தங்களில் மிதக்கவிடும் அமைப்பு கேமராவுக்குள் இருக்கிறது, அதுதான் பாதிக்கப்படுகிறது. அந்த அமைப்புள்ள எந்த போனுக்கும் இது பொருந்தும். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு உங்கள் உள்ளங்கைக்கே தெரியும். நல்ல போனைத்தான் மாட்டுவேன் என்றால் அதிர்வைக் குறைக்கும் ரப்பர் தணிப்பான் வைத்த மவுண்ட் (போனைப் பிடிக்கும் தாங்கி) வாங்குங்கள். தணிப்பான் தனியாகவும் கிடைக்கிறது.

மவுண்ட் வாங்கும் முன் ஹேண்டில் பாரின் விட்டத்தை அளந்துவிடுங்கள். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர், சில குரூசர்களில் 25.4, தடித்த பார்களில் நடுப்பகுதி 28.6. தவறான அளவை ரப்பர் சுற்றி ஒப்பேற்றினால் முதல் குழியில் திரும்பிக்கொள்ளும். உலோகக் கிளாம்ப், போனின் நாலு மூலையையும் பிடிக்கிற வகை நல்லது. கண்ணாடிக் கம்பியில் மாட்டுகிற வகை எனக்குப் பிடிப்பதில்லை. கம்பி நீளமானது, அதன் நுனியில் ஆட்டம் அதிகம், பாரம் சேர்ந்தால் கண்ணாடியும் தளர்ந்துவிடும். போல்ட் தளராமலிருக்கப் போடுகிற திரவப் பசையை பிளாஸ்டிக் மவுண்டில் போடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். நைலான் வைத்த நட் போதும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

எந்த மவுண்டாக இருந்தாலும் இரண்டாவதாக ஒரு பிடிமானம் வேண்டும். போன் உறையிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு சின்னக் கயிறு. ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம், தொங்கினால் முன் சக்கரத்தை எட்டக் கூடாது.

இடம் என்று பார்த்தால் ஹேண்டிலின் நடுவே சிறந்தது. விழுந்தாலும் அங்கே அடி குறைவு, திரும்பும்போது ஆட்டமும் குறைவு. வண்டியில் உட்கார்ந்து, ஓட்டுகிற நிலையில் நேரே பாருங்கள். தலையைக் குனியாமல், கண்ணை மட்டும் இறக்கினால் திரை தெரிய வேண்டும். ஸ்பீடோமீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் மறையக் கூடாது. கட்டைவிரல் ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும் தடையில்லாமல் போக வேண்டும். ஹேண்டிலை முழுசாக ஒடித்தால் மவுண்ட் டேங்கில் இடிக்கக் கூடாது. டேங்க் பேக்கின் மேல் வைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம், அதற்குத் தாடை நெஞ்சில் படும்வரை குனிய வேண்டும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன கணக்கு. மலைச்சாலையில் 33 மீட்டருக்குள் ஒரு வளைவே முடிந்துவிடும். 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. போலீஸுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. போகும் இடத்தை நின்றுகொண்டு பதிவு செய்யுங்கள். வழி தவறினால் ஓரம் கட்டி மாற்றுங்கள். வாட்ஸப் அறிவிப்புகள் திரையில் குதிக்காமல் அணைத்துவிடுங்கள். குரல் வழிகாட்டல் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய சத்தத்தில் கேட்டால் திரையைப் பார்க்கும் தேவையே பாதி குறையும். பின்னால் வரும் ஹாரன் கேட்கிற அளவுக்கு மட்டும் வையுங்கள்.

ஜூன் முதல் வால்பாறையில் மழையின் ராஜ்ஜியம். மழையில் ஈரமான சி டைப் போர்ட்டில் கரண்ட் ஓடினால் உள்ளே இருக்கும் பின்கள் கறுத்து அரித்துப்போகும். போனே நீர்புகாதது என்று எழுதியிருந்தாலும் கேபிள் செருகிய போர்ட்டுக்கு அது பொருந்தாது. தூறல் ஆரம்பித்ததும் கேபிளைக் கழற்றி, சார்ஜரின் ரப்பர் மூடியைப் போட்டுவிடுங்கள். போனின் பேட்டரி இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். கேபிளை மாட்டும்போது போர்ட்டுக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடுங்கள், வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். யூஎஸ்பி சார்ஜரை ஹேண்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, 12 வோல்ட் வயரை நீளமாகவும் யூஎஸ்பி கேபிளை ஒரு அடிக்குள்ளும் வையுங்கள். 5 வோல்ட்டை மெல்லிய நீளக் கேபிளில் அனுப்பினால் போய்ச் சேரும்போது வோல்ட் இறங்கி, சார்ஜ் ஏறுவதைவிட ஜிபிஎஸ் குடிப்பது அதிகமாகிவிடும். "சார்ஜ் போட்டும் பேட்டரி இறங்குகிறது" என்று வருகிறவர்களில் பலருக்கு வண்டியில் கோளாறு இல்லை, கேபிள்தான்.

வெயிலுக்கும் இதே அக்கறை வேண்டும். திருச்சியிலிருந்து பொள்ளாச்சி வரை மே மாத வெயிலில் திரை முழு வெளிச்சத்தில், சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் போன் கொதித்து, திரை தானாக மங்கி, சார்ஜை நிறுத்திக்கொள்ளும். 80 சதவீதம் ஆனதும் கேபிளை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மாட்டாதீர்கள். டீக்கடையில் நிறுத்தினால் போனையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் நீங்களே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். ரிலே சரியாக வேலை செய்தால், புது வேலைக்கு முன்னால் என்ன காட்டியதோ அதே அளவுதான் இப்போதும் காட்ட வேண்டும். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது, மீட்டர் போய்விடும். அப்புறம் மீட்டரை எடுத்துவிட்டு டெர்மினலை மாட்டி, வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டேங்கின் முன் விளிம்பில் வயரைக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சூடோ வழுவழுப்போ உராய்வோ தெரிந்தால் பாதையை மாற்ற வேண்டும்.

உங்கள் வண்டி எந்த வருடத்து மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் ரிலேயின் 86-ம் காலுக்கு எந்த வயரைத் தொடுவது என்று சொல்கிறேன். டூல் கிட்டில் பேட்டரி டெர்மினலுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இருக்கிறதா என்பதையும் இன்றே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அதை மூட்டைக்குள் வைக்காமல் சீட்டுக்கு அடியில், கையை விட்டால் எட்டுகிற இடத்தில் வையுங்கள்.